ரேடியேட்டரில் போர் தண்ணி ஊற்றுகிறீர்களா? கார் கூலிங் சிஸ்டத்தை வீட்டிலேயே சுத்தம் செய்வது எப்படி?

விருதுநகர் - சாத்தூர் சாலையில் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டால் பலரும் செய்வது ஒன்றுதான். வண்டியை ஓரங்கட்டி, கிடைத்த தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். சூலக்கரை, சிவகாசி பக்கம் அது பெரும்பாலும் போர் தண்ணியாக இருக்கும். இன்ஜின் ஆறிய பிறகு, அவசரத்துக்கு ஊற்றினால் தப்பில்லை. அதையே மாதக்கணக்கில் விட்டு வைத்தால் இன்ஜினுக்கு வேட்டு வைத்துவிடும்.

உப்புத் தண்ணி உள்ளே என்ன செய்யும்?

தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசிய உப்புகள் சூட்டில் பிரிந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படியும். கூடவே துருவும் சேரும். சூடு வெளியேற வழி இல்லாமல் ஹெட் கேஸ்கெட் போய்விடும். பிறகு இன்ஜின் ஹெட்டைக் கழற்றும் பெரிய செலவுதான்.

நம்ம ஊரில் பனியா உறையுது, கூலன்ட் எதுக்கு?

கூலன்ட்டில் எத்திலீன் கிளைக்காலும், துருவைத் தடுக்கும் ரசாயனங்களும் இருக்கின்றன. வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் சுமார் 107 டிகிரி வரை தாங்கும். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தத்தில் இது இன்னும் உயரும். ஆக, வெயில் ஊருக்கும் கூலன்ட் அவசியம்.

எப்போது சுத்தம் செய்ய வேண்டும்?

ரிசர்வ் டேங்கைப் பாருங்கள். கூலன்ட் செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தாலோ, கசடு மிதந்தாலோ நேரம் வந்துவிட்டது. எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். காருடன் வந்த கையேட்டில் அது இருக்கும்.

தொடங்கும் முன்...

* சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். சில மணி நேரம் ஆறவிட்டு, கை வைத்துப் பார்த்துவிட்டுத் திறக்கவும்.
* இன்ஜினை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் திடீரென சுற்றலாம். கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள்.
* ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகாதீர்கள். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓட விடாதீர்கள்.

படிப்படியாக...

1. சமதளத்தில் காரை நிறுத்தி, அடியில் அகலமான டப் வையுங்கள். ரேடியேட்டரின் கீழே உள்ள டிரெயின் பிளக்கைத் திறந்து பழைய கூலன்ட்டை இறக்குங்கள். பிளக் இல்லாத வண்டியில் கீழ் ஹோஸைக் கழற்ற வேண்டும்.

2. பிளக்கை மூடி, டிஸ்டில்டு வாட்டரை நிரப்புங்கள். பேட்டரிக்கு ஊற்றுவதற்காகக் கடைகளில் விற்பதே போதும்.

3. பேட்டரி வயரை மாட்டி, ரேடியேட்டர் மூடியைப் போட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இன்ஜினை ஓட விடுங்கள். மேல் ஹோஸ் சூடானால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது என்று அர்த்தம். அதன்பின் சில நிமிடங்கள் ஓடினால் போதும்.

4. முழுதாக ஆறவிட்டு இறக்குங்கள். வருகிற தண்ணீர் தெளியும் வரை இதையே திரும்பச் செய்யுங்கள்.

5. எவ்வளவு இறக்கினாலும் இன்ஜினுக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கும். ரெடிமிக்ஸ் கூலன்ட் ஊற்றினால் அது நீர்த்துப்போகும். எனவே அடர் கூலன்ட் வாங்குங்கள். மொத்தக் கொள்ளளவு 4 லிட்டர் என்றால், முதலில் 2 லிட்டர் கூலன்ட்டை ஊற்றிவிட்டு, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள்.

6. கையேட்டில் சொன்னபடி காற்றை வெளியேற்றுங்கள். காற்று தங்கினால் புது கூலன்ட் இருந்தும் இன்ஜின் சூடாகும். ஒரு ரவுண்ட் ஓட்டி, ஆறிய பிறகு ரிசர்வ் டேங்கில் அளவைப் பாருங்கள்.

வெளிப்பக்கத் தகடுகளில் அடைத்த தூசியையும் பூச்சியையும் மெதுவான தண்ணீரால், இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும்.

நிறத்தைப் பார்த்து கூலன்ட் வாங்கலாமா?

கூடாது. பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனிக்கு கம்பெனி மாறும். கையேட்டில் சொன்ன வகையைத்தான் வாங்க வேண்டும். பொருந்தாத வகைகளைக் கலந்தால் துரு தடுக்கும் திறன் குறையும். படிவை எடுக்க ஆசிட் ஊற்றுவதும் ஆபத்து. அலுமினியத்தை அரித்து ஓட்டை போட்டுவிடும்.

பழைய கூலன்ட்டை என்ன செய்வது?

இதுதான் பலரும் கோட்டை விடும் இடம். கூலன்ட் இனிக்கும். தெருவிலோ சாக்கடையிலோ கொட்டினால் நாய், ஆடு நக்கிக் குடிக்கும். கொஞ்சம் குடித்தாலே சிறுநீரகம் செயலிழந்து உயிர் போகலாம். குழந்தைகளுக்கும் இதே ஆபத்துதான். தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கவே வேண்டாம். மூடியுள்ள கேனில் ஊற்றி, ‘விஷம்’ என்று எழுதி, பழைய கூலன்ட்டை வாங்கிக்கொள்ளும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள். யாராவது குடித்துவிட்டால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

எப்போது மெக்கானிக்கிடம் போக வேண்டும்?

கூலன்ட்டில் எண்ணெய் மிதந்தாலோ, வெளியே கசிவே இல்லாமல் அளவு குறைந்துகொண்டே வந்தாலோ ஹெட் கேஸ்கெட் பழுதாகியிருக்கலாம். அதைக் கழுவிச் சரிசெய்ய முடியாது. எலெக்ட்ரிக், ஹைப்ரிட் கார்களில் இந்த வேலையை வீட்டில் தொடவே வேண்டாம்.

சுத்தம் செய்த பிறகு 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரை டிக்கியில் போட்டு வையுங்கள். அடுத்த முறை அவசரம் வந்தால் போர் தண்ணியைத் தேட வேண்டியிருக்காது.