கீஸ் பெண்ட் அம்மாக்களின் கந்தல் போர்வைகள்

தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தால் பாடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் படிப்பது என் வழக்கம். இந்த முறை மாட்டியது போர்வை. ஆமாம், போர்த்திக்கொள்ளும் போர்வைதான். சிரிக்காமல் மேலே படியுங்கள்.

அமெரிக்காவில் அலபாமா ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த ஊர் கீஸ் பெண்ட். 1846-ல் மார்க் பெட்வே என்ற தோட்ட முதலாளி, சுமார் 100 அடிமைகளை வட கரோலினாவிலிருந்து நடக்க வைத்தே அங்கே கூட்டிவந்தார். அடிமைமுறை ஒழிந்த பிறகும் அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அதே நிலத்தைக் குத்தகைக்கு உழுதார்கள். முதலாளியின் பெயரே குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. இன்றும் அங்கே பலர் பெட்வேதான்!

அந்த ஊர் அம்மாக்களுக்குப் பகலெல்லாம் பருத்திக் காட்டில் வேலை. பிறகு சமையல், தண்ணீர், வரிசையாகப் பிள்ளைகள். பலகை வீட்டின் இடுக்கு வழியாகக் குளிர் உள்ளே வரும். அதைத் தடுக்கச் சுவரெல்லாம் பழைய செய்தித்தாள் ஒட்டுவார்கள். 1932-ல் நிலைமை இன்னும் மோசம். கடன் கொடுத்த வியாபாரி இறந்துபோக, அவருடைய குடும்பம் ஆள் அனுப்பி மாடு, கலப்பை, விதை, சாப்பாட்டுக்கு வைத்திருந்த தானியம் வரை அள்ளிக்கொண்டு போனது.

இந்த வாழ்க்கையில்தான் போர்வை தைத்தார்கள். கிழிந்த சட்டை, முழங்கால் தேய்ந்த கால்சட்டை, மாவுச் சாக்கு என்று கிடைத்ததையெல்லாம் வெட்டி ஒட்டுப்போட்டு மேல் பக்கம் செய்வார்கள். நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி, மூன்றையும் சேர்த்துத் தையல். மேல் பக்கத்தை ஒவ்வொருத்தியும் தனியாக, தன் இஷ்டப்படி அமைப்பாள். எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. நிலம், விலை, கடன் எதுவும் கையில் இல்லாதவர்களுக்கு இந்த ஒரு முடிவாவது சொந்தமாக இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. சேர்த்துத் தைக்கும்போது அக்கம்பக்கத்துப் பெண்கள் சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து பாட்டும் பேச்சுமாக முடிப்பார்கள்.

என்னை நிறுத்தியது 1942-ல் மிசௌரி பெட்வே தைத்த போர்வை. கணவர் இறந்துவிட்டார். அவர் வயலுக்குப் போட்டுக்கொண்டு போன உடுப்புகளையே வெட்டி, வெளுத்துப்போன துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்தார். கூடமாட உதவிய மகள் அர்லோன்சியா பிற்காலத்தில் அதைச் சொல்லியிருக்கிறார்: கணவரை நினைத்துக்கொள்ள, அந்த அன்புக்குள்ளேயே போர்த்திப் படுக்க அம்மா அதைச் செய்தாராம். துக்கத்துக்கு ஓய்வெடுக்க வழியில்லாத வீட்டில் அவர் எடுத்துக்கொண்ட நேரம் அது.

எல்லோருக்கும் தையல் ஆறுதலாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். லொரெட்டா பெட்வே தனக்குத் தைப்பது பிடிக்கவே பிடிக்காது என்று வெளிப்படையாகச் சொன்னவர். போர்வை தர வேறு ஆள் இல்லை, குளிருக்கு வேண்டும், அதனால் தைத்தார், அவ்வளவுதான். "கைவேலை மனசுக்கு நல்லது" என்று எழுதுபவர்கள் இவரையும் கொஞ்சம் படிக்கலாம். வேடிக்கை என்னவென்றால் அவர் தைத்தவையும் இன்று புகழ்பெற்ற போர்வைகளில் சேர்ந்துவிட்டன.

1960-களில் கறுப்பின மக்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கிளம்பினார்கள். அதற்கு ஆற்றைக் கடந்து கேம்டன் ஊருக்குப் போக வேண்டும். 1962-ல் படகுப் போக்குவரத்தே நிறுத்தப்பட்டது. 1966-ல் அந்தப் பகுதிப் பெண்கள் 'ஃப்ரீடம் குயில்டிங் பீ' என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கிப் போர்வைகளை விற்றார்கள். 2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் இந்தக் கந்தல்கள் ஓவியம் போலச் சுவரில் தொங்கின. 2006-ல் தபால்தலையிலும் வந்தன.

அதே 2006-ல்தான் நிறுத்திய படகு 44 வருடம் கழித்து மறுபடி ஓடியது.