ரீவியை எந்தச் சுவரில் பூட்டுறது?

போன மாதம் எங்கட வீட்டுக்கு 43 இஞ்சி ரீவி ஒன்று வந்தது. பூட்ட வந்தவர் துளைக்கிற மெசினைக் கையில் வைத்துக்கொண்டு "எந்தச் சுவரில?" என்று கேட்டார். வாசலுக்கு நேரே உள்ள சுவர் என்றார் அப்பா. அங்கே யன்னல் வெளிச்சம் திரையில் அடிக்கும். அறைக்குள் வைப்போம் என்றோம் பிள்ளைகள் நாங்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அம்மம்மா மட்டும், "எங்கட காலத்தில இந்தக் கேள்வியே இல்லை. வயர் வாற இடத்தில ரீவி" என்றா.

அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதத் தொடங்கினோம்.

இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில், சுயாதீன தொலைக்காட்சி சேவையோடு தொடங்கியது. அது முதலில் கொழும்பையும் அதன் சுற்றுவட்டத்தையும் தாண்டவில்லை. ஜப்பானின் உதவியோடு ரூபவாஹினி வந்தது 1982 பெப்ரவரியில். வடமராட்சியில் இருந்த அம்மம்மா வீட்டுக்கு ரீவி வந்தது அதற்குச் சில வருசம் கழித்து, வெளிநாட்டில் வேலை செய்த மாமா மூலம். வடக்குக் கரையில் இருந்தவர்களுக்கு ஒரு வசதி: அன்ரனாவைக் கடல் பக்கம் திருப்பினால் தூரதர்ஷனும் பிடிக்கும். இரும்புக் குழாயின் உச்சியில் அன்ரனா, அதிலிருந்து இறங்கும் தட்டை வயர், வயர் உள்ளே வர ஒரு யன்னல். ஒருவர் வெளியே நின்று குழாயைத் திருப்ப, இன்னொருவர் உள்ளே நின்று "காணும், காணும்" என்று கத்த வேண்டும். அதனால் ரீவி யன்னலுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அது மூலையில் இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கால ரீவிக்குள் இருந்தது கண்ணாடிக் குழாய். குழாயின் பின்முனையிலிருந்து பாயும் இலத்திரன் கற்றை திரையின் நான்கு மூலைக்கும் வளைந்து போக வேண்டும். அதற்கு ஆழம் தேவை. திரை பெரிதானால் பெட்டியும் பின்பக்கம் நீளும், பாரமும் கூடும். பின்பக்கம் ஒடுங்கிய அந்தப் பெட்டிக்கு வீட்டில் சரியாகப் பொருந்துகிற இடம் மூலைதான்.

இதுவரை தொழில்நுட்பம். மிச்சக் கதை இப்படி இலேசானது இல்லை.

அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள்: "ஊரே ஒண்டா இருந்து பார்த்தது." 1987இல் தூரதர்ஷனில் இராமாயணம் தொடங்கியபோது வீடு நிறைந்ததாம். நாங்கள் இன்னொரு கேள்வி கேட்டோம்: ஆர் எங்க இருந்தவை? அம்மம்மா யோசித்து யோசித்துச் சொன்னா. கதிரையில் ஆம்பிளையள். நிலத்தில் பிள்ளையள். குசினி வாசலில் பொம்பிளையள். யன்னலுக்கு வெளியே கொஞ்சப் பேர்.

"அவை ஏன் உள்ள வரேல்லை?"

"அவை வாறேல்லை" என்றா. பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "நாங்கள் கூப்பிடுறதும் இல்லை" என்றா.

சாதி என்ற சொல்லை அம்மம்மா சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அன்ரனா வயர் நுழைந்த அதே யன்னலால்தான் அவர்கள் படம் பார்த்தார்கள். எங்கட குடும்பக் கதையில் அந்த "ஊரே ஒண்டா" என்பதற்குள் ஒரு யன்னல் கம்பி இருக்கிறது.

இடம் பற்றிய இந்தச் சிக்கல் எங்கட ஊருக்கு மட்டும் உரியதல்ல. லின் ஸ்பிகல் என்ற ஆய்வாளர் 1992இல் வெளியிட்ட நூலில், 1940களின் கடைசியிலும் 50களிலும் அமெரிக்கப் பெண்கள் சஞ்சிகைகள் ரீவியை எங்கே வைப்பது என்று எப்படியெல்லாம் ஆலோசனை சொல்லின என்பதைத் தேடியிருக்கிறார். கணப்படுப்பும் பியானோவும் இருந்த இடத்துக்கு ரீவி வருகிறது. குடும்பம் அதைச் சுற்றி அமர்கிறது. ஆனால் வீட்டுவேலை செய்யும் பெண் எங்கே இருந்து பார்ப்பாள் என்ற கேள்வி தீரவே இல்லை. அதை வாசித்தபோது குசினி வாசல்தான் எங்களுக்கு ஞாபகம் வந்தது.

1990 யூனில் போர் மறுபடி தொடங்கியது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. யூலையில் கொக்காவில் முகாம் வீழ்ந்ததோடு அங்கிருந்த ரூபவாஹினி அஞ்சல் நிலையமும் போனது. வீட்டுக்குள் ரீவி வெறும் பெட்டியானது. எப்போதாவது ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் மேசை போட்டு, இரவிரவாகப் படம் ஓடும். பொருளாதாரத் தடைக்குள் எண்ணெய்க்கு எல்லாரும் காசு போட வேண்டியிருந்தது. காசு போட்டவர் யன்னலுக்கு வெளியே நிற்கத் தேவையில்லை. ரீவி வெளியே வந்ததால் எல்லாரும் முற்றத்துக்கு வந்தார்கள். "அப்பவும் பாய் போட்டு இருந்தவையும் மண்ணில இருந்தவையும் வேற வேற" என்று அம்மா இடைமறித்தா. அப்போது அவவுக்குப் பன்னிரண்டு வயது. இருந்தாலும் யன்னல் இல்லை.

தட்டைத் திரையின் கதை இதற்கெல்லாம் முந்தியது. 1964இல் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் பிட்சர், ஸ்லோட்டோ, வில்சன் ஆகிய மூவர் பிளாஸ்மாத் திரையை உருவாக்கினார்கள். அது கணினி வழிக் கற்பித்தலுக்காகச் செய்தது. சுவரில் மாட்டக்கூடிய 42 இஞ்சித் திரை கடைக்கு வர 1990கள் ஆகின. எங்கட வீட்டுச் சுவருக்கு வர இன்னும் பல வருசம். திரை தட்டையானதும் மூலை தேவையில்லாமல் போனது. வயரும் இப்போது கட்டளையிடுவதில்லை. முதன்முறையாக இடத்தை நாங்களே தெரிவு செய்யலாம். வீட்டு மனுசரை எங்கே இருத்துகிறோம் என்பதற்கு இனி வயரைச் சாட்ட முடியாது.

அறைக்குள் என்ற எங்கட யோசனையை நாங்களே விட்டோம். கதிரையில் இருக்கிறவரின் கண்மட்டம் தரையிலிருந்து ஏறக்குறைய 3½ அடி. திரையின் நடுப்பகுதி அந்த உயரத்துக்கு வர வேண்டும். யன்னல் திரைக்கு நேர் எதிரே இருக்கக்கூடாது. பழைய சுவரென்றால் பூச்சு உதிராத இடம் தட்டிப் பார்க்க வேண்டும். இவ்வளவையும் பார்த்தபின் இரண்டு சுவர் மிஞ்சின. அம்மாவைக் குசினியில் நிற்கச் சொல்லிவிட்டு இரண்டையும் கேட்டோம். "அது தெரியுது" என்று ஒன்றைக் காட்டினா. அதில்தான் பூட்டினோம். அடுத்த நாள் தங்கச்சி கேட்டாள்: "அம்மா குசினியிலயே நிண்டு பார்க்கிறதுக்கா இவ்வளவு ஆராய்ச்சி?" அதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை. இப்போது இரவுச் சமையலை முறை வைத்துச் செய்கிறோம். அம்மாவுக்கு ஹோலில் ஒரு கதிரை இருக்கிறது.

உங்கட வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். முதல் ரீவி எங்கே இருந்தது என்று மட்டும் கேட்டால் போதாது. ஆர் எங்கே நின்று பார்த்தார்கள் என்றும் கேளுங்கள்.