தமிழ்த் திரைப்படங்களில் மணவாழ்க்கை நகைச்சுவை

மணவாழ்க்கை நகைச்சுவைத் திரைப்படம் என்பது கணவன், மனைவி இடையே எழும் ஐயம், பொய், பிணக்கு, பிரிவு ஆகியவற்றைச் சிரிப்பிற்குரிய கதைப்பொருளாகக் கொள்ளும் திரைப்பட வகையாகும். அமெரிக்காவில் இவ்வகை 1910களின் இறுதியிலிருந்து வளர்ந்தது. தமிழ்த் திரைப்படங்களில் இதன் கூறுகள் 1930களிலிருந்தே காணப்படுகின்றன. எனினும் மணமுறிவை மையமாகக் கொண்ட நகைச்சுவைப் படம் தமிழில் நெடுங்காலம் வேரூன்றவில்லை. அதனிடத்தில் துணை நகைச்சுவைப் பகுதியும் பொய்த் திருமணக் கதையும் வளர்ந்தன.

அமெரிக்க முன்னோடிகள்

செசில் பி. டெமில் இயக்கிய "டோண்ட் சேஞ்ச் யுவர் ஹஸ்பண்ட்" (1919), "ஒய் சேஞ்ச் யுவர் ஒய்ஃப்?" (1920) ஆகிய மௌனப் படங்களில் தம்பதியர் மணவிலக்குப் பெற்று வேறு துணையை நாடி, பின்னர் பழைய துணையிடமே திரும்புகின்றனர். எர்ன்ஸ்ட் லுபிட்ஷ் இயக்கிய "தி மேரேஜ் சர்க்கிள்" (1924) பிறர்மனை நாட்டத்தை நகைச்சுவையாகக் கையாண்டது. 1934 முதல் ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் கடுமையாகச் செயற்படுத்தப்பட்டன. அதன் பின்னரும் மணவிலக்குக் கதைகள் மறையவில்லை. லியோ மெக்கேரியின் "தி ஆஃபுல் ட்ரூத்" (1937) படத்தில் மணவிலக்குத் தீர்ப்பு இறுதியாவதற்கு உரிய 90 நாட்களே கதையின் காலமாகும். வளர்ப்பு நாய் யாருக்கு என்பதும் நீதிமன்றத்தில் வழக்காகிறது. பிரிந்தவர் மீண்டும் சேர்வதே இக்கதைகளின் இன்பம். அதற்கு முதலில் சட்டப்படி பிரியும் வழி இருக்க வேண்டும்.

சட்டமும் வழக்கமும்

தமிழ்நாட்டில் அவ்வழி அன்று பெரும்பாலோர்க்கு இல்லை. மரபான இந்துச் சட்டம் திருமணத்தைப் பிரிக்கவியலாச் சடங்காகவே கருதியது. ஆண் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை மணக்கலாம். மனைவி விலக இயலாது. சென்னை மாகாணத்தில் இருமணத் தடையும் மணவிலக்கு உரிமையும் 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே வந்தன. நடுவண் அரசின் இந்துத் திருமணச் சட்டம் 1955 மே 18 அன்று நடைமுறைக்கு வந்தது.

ஆயினும் இது முழுப் படமன்று. மதுரையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பல சமூகத்தாரிடையே ஊரார் முன்னிலையில் தீர்த்துவிடுதலும் மறுமணம் செய்தலும் பழைய வழக்கமாகும். மதுரைக்கு மேற்கே வாழும் பிரமலைக் கள்ளரை 1949-50 காலத்தில் ஆய்வு செய்த பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் இவ்வழக்கத்தைப் பதிவு செய்துள்ளார். 1955 ஆம் ஆண்டுச் சட்டமும் தனது 29 ஆம் பிரிவில் வழக்காற்று மணவிலக்கை ஏற்றுக்கொள்கிறது. படக்கதைகள் எழுதப்பட்ட நடுத்தர வீடுகளின் உலகிற்கு இது எட்டவில்லை போலும். கொட்டகையில் அமர்ந்திருந்தோர் பலருக்கு மணமுறிவு தெரிந்த செய்தி. திரையில் மட்டும் அது நடவாத செயல்.

நாடக மேடையிலிருந்து திரைக்கு

மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி நடத்திய நாடகங்களில் ஒன்று "பதிபக்தி" ஆகும். சிறுவர்களையே கொண்ட இக்குழுவில் மனைவி, தாசி ஆகிய வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர். எம். ஜி. ராமச்சந்திரன், பி. யு. சின்னப்பா, காளி என். ரத்தினம் ஆகியோர் இக்குழுவில் இருந்தவர்கள்.

எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய "சதி லீலாவதி" (1936) எஸ். எஸ். வாசனின் கதையை ஒட்டியது. குடிக்கும் வேறொரு பெண்ணுக்கும் ஆட்பட்ட கணவன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகி அல்லலுற்று மனைவியிடம் திரும்புவதே இதன் கதை. இதில் கணவனின் தவறு சிரிப்பிற்குரியதன்று. சிரிப்பு என். எஸ். கிருஷ்ணன் நடித்த தனிப்பகுதியில் இருந்தது.

இந்தப் பிரிவினை பின்னர் இலக்கணமாகவே ஆயிற்று. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைத் தழுவிய "சபாபதி" (1941) படத்தில் முதலாளி, வேலைக்காரன் இருவருக்கும் ஒரே பெயர். வேலைக்காரனாகக் காளி என். ரத்தினமும் அவரது இணையாக சி. டி. ராஜகாந்தமும் நடித்தனர். இவ்விணையும் கிருஷ்ணன் - டி. ஏ. மதுரம் இணையும் நாயகன், நாயகிக்குப் பொருந்தாதெனக் கருதப்பட்ட வாய்ச்சண்டைகளைத் தமதாக்கிக் கொண்டன.

மிஸ்ஸியம்மா

எல். வி. பிரசாத் இயக்கி 1955 சனவரியில் வெளிவந்த "மிஸ்ஸியம்மா" அமெரிக்க வகைக்கு மிக அருகில் வருவதாகும். வேலையற்ற பட்டதாரிகளான பாலுவும் (ஜெமினி கணேசன்) மேரியும் (சாவித்திரி) தம்பதியரையே தேடும் ஒரு பள்ளியில் வேலை பெறக் கணவன் மனைவியாக நடிக்கின்றனர். திருமணமே நடவாததால் கோபம், பொறாமை, பிரிந்துபோகும் அச்சுறுத்தல் எல்லாவற்றையும் தடையின்றிக் காட்ட முடிந்தது. கிறித்தவராக வளர்ந்த மேரி, காணாமற்போன சமீன்தார் மகளே என முடிவில் தெரியவருகிறது. மதம் கடந்த திருமணம் என்ற உண்மையான சிக்கலைக் கதை இவ்வாறு தாண்டிச் செல்வது ஏமாற்றமே.

கல்யாணப் பரிசு

ஸ்ரீதரின் "கல்யாணப் பரிசு" (1959) படத்தில் ஒரே பொருள் இருமுறை வருகிறது. மையக்கதையில் கணவனின் மனம் மனைவியின் தங்கையிடம் இருக்கிறது. அதைத் தீர்ப்பது மணவிலக்கன்று, மனைவியின் மரணம். துணைப்பகுதியில் கே. ஏ. தங்கவேலு "மன்னார் அண்ட் கம்பெனி"யில் வேலை பார்ப்பதாக மனைவியிடம் (எம். சரோஜா) புளுகுகிறார். அங்கே பொய் வெளிப்பட்டாலும் குடும்பம் உடைவதில்லை. மக்கள் நினைவில் நின்றது இந்தப் பொய்தான். இப்படத்தின் நூறாவது நாள் விழாவிற்கு மதுரை வந்தபோது தங்கவேலுவும் சரோஜாவும் திருப்பரங்குன்றம் முருகன் கோயிலில் மணம் புரிந்துகொண்டனர்.

பிற்காலம்

கணவனின் பிறழ்வையே மையமாகக் கொண்ட முழுநீள நகைச்சுவையாக பாலு மகேந்திரா இயக்கிய படம் 1995 இல் வெளிவந்தது. அதன் பெயரும் "சதி லீலாவதி". அதிலும் கணவன் மனைவியிடமே திரும்புகிறான்.