வெள்ளீயம் வற்றிய ஊரின் பொம்மைகள்

கிறிஸ்துமஸ் பொம்மை என்றதும் பலருக்கும் நினைவில் வருவது, பெரிய வாயால் கொட்டை உடைக்கும் மரச் சிப்பாய் நட்கிராக்கர். ஈ.டி.ஏ. ஹாஃப்மன் 1816இல் எழுதிய கதையிலிருந்து அவன் பிறந்ததாகச் சொல்வதுண்டு. ஆனால் அந்தக் கதையிலேயே அவன் கிறிஸ்துமஸ் பரிசாக வந்த பொம்மைதான். கதைக்கு முன்பே பொம்மை இருந்திருக்கிறது. ஜெர்மனியின் சாக்சனி மலைகளில் உள்ள சைஃபன் ஊரின் வரலாற்றைப் பார்த்தால், இத்தகைய பொம்மைகளைப் பெருகவைத்தது கதையல்ல, வற்றிப்போன சுரங்கம் என்பது விளங்கும்.

சைஃபனுக்கு வெள்ளீயம்தான் சோறு போட்டது. அது குறையக் குறைய, சுரங்கத் தொழிலாளர் மரக் கடைசலுக்கு மாறினார்கள். தாது இடித்த நீர்ச்சக்கரங்கள் கடைசல் பட்டறைகளைச் சுழற்றின. 1800ஐ ஒட்டி அங்கே உருவான வளையக் கடைசல் வியப்பூட்டும் நுட்பம். ஈரம் காயாத ஊசியிலை மரத்துண்டைச் சுழலவிட்டு, முன்பக்கமும் பின்பக்கமும் உளியால் குடைந்து ஒரு வளையமாக்குவார்கள். அதுவரை கடைபவரின் கண்ணுக்கு வெறும் மேடுபள்ளம்தான் தெரியும். வளையத்தைக் கத்தி வைத்துப் பிளந்தால், ஒவ்வொரு துண்டின் வெட்டுமுகத்திலும் ஒரு குதிரையோ பசுவோ நிற்கும். பிறகு செதுக்கி, காதும் வாலும் ஒட்டி, வண்ணம் பூச வேண்டியதுதான். ஒரே வளையத்தில் பல விலங்குகள் கிடைத்ததால்தான், சோடி சோடியாக விலங்குகள் நிறைந்த நோவாவின் பேழையை மலிவாக விற்க முடிந்தது.

சுரங்கம் மூடப்பட்டது 1849இல்தானே, கடைசல் அதற்கு முன்பே இருந்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சுரங்கங்கள் ஒரே நாளில் சாவதில்லை. மூடுவிழாவுக்கு வெகுகாலம் முன்பே விளைச்சல் சரிந்து, குடும்பங்கள் வேறு பிழைப்புத் தேடின. கதைக்குப் பங்கே இல்லை என்பதும் என் வாதமல்ல. சைஃபனில் வில்ஹெல்ம் ஃபியூக்ட்னர் 1870 வாக்கில் நட்கிராக்கரைத் தொடர்ச்சியாகச் செய்யத் தொடங்கியதற்கு, ஹைன்ரிக் ஹாஃப்மன் 1851இல் வெளியிட்ட படக்கதை தூண்டுதல் என்பார்கள். 1892இல் சாய்கோவ்ஸ்கியின் இசையில் அரங்கேறிய பாலே பின்னாளில் அவனை உலகெங்கும் கொண்டுசென்றது. முகமும் புகழும் கதை தந்தவை; மலிவு மட்டும் வேறிடத்திலிருந்து வந்தது. வியாபாரிகள் விலையை அடித்துக் குறைத்தார்கள். வீடே பட்டறையானது, பிள்ளைகளும் வண்ணம் பூசினார்கள். பெற்றோருக்காக வீட்டில் உழைக்கும் பிள்ளைகளையும் கணக்கில் கொண்ட சட்டம் ஜெர்மனியில் 1903இல்தான் வந்தது. பிற நாட்டுக் குழந்தைகள் கிறிஸ்துமஸ் காலையில் பிரித்த பேழைகளில், அவர்கள் வயதுப் பிள்ளைகளின் தூரிகை வேலையும் இருந்தது.