உப்பில்லாத கீரை

கொற்கை என்றதும் முத்துதான் ஞாபகம் வரும். எனக்கு என்னவோ கீரை!

269 அடிகள் கொண்ட சிறுபாணாற்றுப்படையில், உப்பு வணிகர்களான உமணர்களின் வண்டிகள் கொற்கைக்கு வருகின்றன. கூடவே வந்த குரங்கு, கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டு, உமணர் வீட்டுப் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆட்டுகிறது. முத்தே அங்கே விளையாட்டுச் சாமான்!

அதே பாட்டில் இன்னொரு வீடு. பறை கொட்டிப் பிழைப்பவன் வீடு. பசி. அவன் மனைவி குப்பைமேட்டு வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து வேகவைக்கிறாள். போட உப்பில்லை. உமணர்கள் நெல்லை வாங்கிக்கொண்டுதான் உப்பு கொடுப்பார்கள். நெல்லே இல்லாத வீட்டுக்கு உப்பு ஏது? வேளை கசக்கும் சாதி. உப்பும் புளியும் இல்லாமல் நீங்களே ஒருநாள் வேகவைத்துப் பாருங்கள், வாயில் வைக்க விளங்காது.

அதைத்தான், அடுத்தவர் கண்ணில் பட்டால் வெட்கம் என்று கதவைச் சாத்திக்கொண்டு, சுற்றத்தார் எல்லாருமாகப் பகிர்ந்து சாப்பிட்டார்கள்.