மௌனப் பருவமும் ஒரு பஞ்சுத் துண்டும்

குட்டி போட்ட செம்மறி ஆடு மறுபடி எப்போது சினையாகும்? கிடாயை மந்தையில் விட்டால் ஆகிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது அவ்வளவு சுலபமில்லை என்று படித்தபோதுதான் தெரிந்தது. இந்த ஒரு கேள்வியோடு விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

முதலில் சிக்கலைப் பார்ப்போம். செம்மறியின் சினைக்காலம் சுமார் 5 மாதம். கணக்குப்படி வருடத்துக்கு இரண்டு ஈற்றுக்கு இடம் இருக்கிறது. ஆனால் இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளில் பெரும்பாலும் ஒன்றுதான். அங்கே பகல் குறுகும் இலையுதிர் காலத்தில் ஆடு பருவத்துக்கு வரும், வசந்தத்தில் குட்டி போடும். அப்போது பகல் நீண்டுகொண்டே போகும். குட்டி பால் குடித்துக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்து சினைப்பையை உறங்க வைத்துவிடும். கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கவும் சில வாரங்கள் வேண்டும்.

இந்த உறக்கத்தைக் கலைக்க முதல் வழி கிடைத்தது 1930-ல். கலிபோர்னியாவில் கோல், ஹார்ட் என்ற இருவர், சினைக் குதிரையின் ரத்தத்தில் சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன் இருப்பதைக் கண்டார்கள். அதை ஊசியாகப் போட்டால், பருவம் இல்லாத ஆட்டிலும் சினைமுட்டை வெளிவந்தது. ஆனால் ஆடு கிடாயை அண்டவிடவில்லை! முட்டை வருகிறது, பருவ அறிகுறி மட்டும் இல்லை. இதைத்தான் மௌனப் பருவம் என்கிறார்கள். குட்டி போட்ட பிறகு இயற்கையாக வரும் முதல் முட்டையும் பெரும்பாலும் இப்படி மௌனமாகத்தான் வந்து போகும்.

அடுத்தது புரோஜெஸ்டிரோன். சினையைக் காக்கும் ஹார்மோன் இது. 1948-ல் அமெரிக்காவின் டட், கசிடா இருவரும் இதை ஆடுகளுக்கு ஊசியாகப் போட்டு வந்தார்கள். பருவம் நின்றது. ஊசியை நிறுத்தியதும் சில நாட்களில் ஆடுகள் பருவத்துக்கு வந்தன. ஆக, இது பருவத்தைத் தடுக்கும் பூட்டு என்பது தெளிவானது.

இங்கேதான் டி.ஜே. ராபின்சன் வருகிறார். 1950 வாக்கில் கேம்பிரிட்ஜில் இதே பிரச்சினையை ஆராய்ந்தவர், பிறகு சிட்னி பல்கலைக்கழகத்தில் தொடர்ந்தார். சினைப்பை நீக்கப்பட்ட ஆடுகளில், முதலில் சில நாள் புரோஜெஸ்டிரோன், பிறகு ஈஸ்ட்ரோஜன் என்று கொடுத்தால்தான் திரும்பத் திரும்பப் பருவம் வருகிறது என்று 1954-ல் காட்டினார். அதாவது, பருவத்தைத் தடுக்கும் அதே ஹார்மோன்தான் அடுத்த பருவத்துக்கு மூளையைத் தயார்ப்படுத்துகிறது. குட்டி போட்ட ஆட்டில் புரோஜெஸ்டிரோன் குறைந்து வாரக்கணக்கில் ஆகிவிடுவதால் முதல் பருவம் மௌனமாகிறது. அந்த முதல் முட்டை வெளிவந்த இடத்தில் உருவாகும் திசு புரோஜெஸ்டிரோனைச் சுரப்பதால் அடுத்த பருவம் வெளிப்படையாக வருகிறது.

கோட்பாடு சரி, ஆயிரக்கணக்கான ஆடுகளுக்குத் தினமும் யார் ஊசி போடுவது? ராபின்சன் 1965-ல் வெளியிட்ட தீர்வு மிக எளிமையானது. செயற்கைப் புரோஜெஸ்டிரோன் ஊறிய ஒரு சிறு பஞ்சு. அதைப் பிறப்புவழியில் வைத்து, இரண்டு வாரம் போல விட்டு, நூலைப் பிடித்து இழுத்துவிட வேண்டும். பருவமில்லாத ஆடு என்றால் கூடவே குதிரை ஹார்மோன் ஊசி ஒன்று. இரண்டு மூன்று நாளில் மந்தை ஒன்றாகப் பருவத்துக்கு வரும்.

முழு வெற்றி என்று சொல்ல முடியாது. பஞ்சை எடுத்தவுடன் வரும் பருவத்தில் விந்தணுக்கள் கருப்பைவாயைக் கடந்து போவது குறைகிறது என்று 1960-களிலேயே ராபின்சன் குழு கண்டது. குட்டி போட்டுச் சில வாரமே ஆன ஆட்டில் சினை பிடிப்பது இன்னும் குறைவு. பருவத்தை வரவழைக்க முடிந்ததே தவிர, கருப்பை ஆற வேண்டிய காலத்தைக் குறைக்க முடியவில்லை.

இன்னொரு உறுத்தலும் உண்டு. அந்தக் குதிரை ஹார்மோனுக்காக சினைக் குதிரைகளிடமிருந்து திரும்பத் திரும்ப ரத்தம் எடுக்கிறார்கள். 2015 முதல் தென்னமெரிக்கப் பண்ணைகள் மீது இதற்காகக் கடும் விமர்சனம் எழுந்திருக்கிறது. ஒரு ஆடு சீக்கிரம் சினையாவதற்கு எங்கோ ஒரு குதிரை ரத்தம் கொடுக்கிறது. ராபின்சனின் பஞ்சை வியந்து படித்த எனக்கு, இந்தக் கணக்கு மட்டும் இன்னும் நேராகவில்லை.