ஆஞ்சான், தாமான், ஆலாத்து - மூணு கயிறு, ஒரு கரை

கயிறுன்னா கயிறு, இதுல என்னய்யா வரலாறுன்னு கேக்கறவங்களுக்கு முதல்ல ஒரு தகவல். தேங்காய் நாருக்கு ஆங்கிலத்துல 'காயர்'னு பேரு. அது மலையாளம் வழியாப் போன நம்ம 'கயிறு'தான். 'கேட்டமரான்' நம்ம கட்டுமரம்னு எல்லாருக்கும் தெரியும். மரம் ஐரோப்பா போனது தெரிஞ்ச அளவுக்கு, அதைக் கட்டின கயிறும் போனது தெரியாது.

இந்தப் பதிவுக்குக் காரணம் ஒரு நண்பர். சின்னப் பாய்ப்படகு ஒண்ணு வெச்சிருக்கார். கயிறெல்லாம் இத்துப் போச்சு, புதுசா எதை வாங்கலாம்னு கேட்டார். பொட்டி தட்டற எனக்குக் கடல் அனுபவம் கிடையாது. ஆனா பழைய புத்தகங்களைப் புரட்டப் புரட்ட, கேள்வி நேரா காயல்பட்டினம் கரைக்கு இழுத்துட்டுப் போயிடுச்சு.

மார்க்கோ போலோ பதிமூணாம் நூற்றாண்டோட கடைசியில இந்தக் கரைக்கு வந்தவர். காயல்ங்கிற பெரிய துறைமுகத்தைப் பத்தி எழுதியிருக்கார். ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரை ஏத்தி வர்ற கப்பலெல்லாம் அங்கே நிக்குமாம். அந்தக் காயல், இன்னைக்குக் காயல்பட்டினத்துக்கு வடக்கே இருக்கிற பழையகாயல்தான்னு பிஷப் கால்டுவெல் 1881ல் வெளியான தன்னோட திருநெல்வேலி வரலாற்றில் வாதாடுகிறார். எந்தக் காயலா இருந்தாலும், தாமிரபரணி கடல்ல சேர்ற அதே மணல்தான்.

அந்த ஹோர்முஸ் கப்பல்கள் போலோவுக்குச் சுத்தமா பிடிக்கலை. ஆணியே கிடையாது, பலகையைத் தேங்காய் நார்க் கயிறால தைச்சிருக்காங்க, நிறைய மூழ்கிப் போகுதுன்னு புலம்பறார். வெனிஸ்காரர், ஆணி அடிச்ச கப்பல் பார்த்து வளர்ந்தவர், வேறென்ன சொல்வார்? அவரே இன்னொண்ணும் சொல்றார்: அந்த நார் உப்புத் தண்ணியில கெடறதில்லை.

ஐம்பது வருஷம் கழிச்சு, 1343-44ல் மாலத்தீவில் இருந்த இபின் பதூதா அதே கயிறைப் பாராட்டறார். அங்கிருந்து அது இந்தியா, சீனா, ஏமன் வரைக்கும் ஏற்றுமதி ஆச்சு. ஆணி அடிச்ச கப்பல் பாறையில மோதினா உடைஞ்சுடும். கயிறால தைச்சது வளைஞ்சு கொடுக்கும்னு காரணமும் சொல்றார். ஒரே கயிறு, ரெண்டு சாட்சி. ஒருத்தர் பலத்தைப் பார்த்தார், இன்னொருத்தர் நெகிழ்வைப் பார்த்தார்.

பலம்னு மட்டும் பார்த்தா தென்னைநாருக்கு மார்க் கம்மிதான். பிலிப்பைன்ஸ்லேர்ந்து வந்த மணிலாக் கயிறோட ஒப்பிட்டா, அதே தடிமனுக்கு ஏறக்குறைய கால்வாசிப் பலம். ஆனா மிதக்கும், நல்லா நீளும். மட்டையை உப்பங்கழியில மாசக்கணக்கா ஊறப்போட்டு, அடிச்சு, நார் எடுத்துத் திரிச்சதால உப்புத்தண்ணி அதுக்குப் புதுசும் இல்ல. நார்ல லிக்னின் அதிகம், சீக்கிரம் மக்காது.

இப்ப பேருக்கு வருவோம். தமிழ் அகராதியைத் திறந்தா கப்பல் கயிறுக்கு ஒரு பேர் இல்ல, பல பேர் இருக்கு.

பாயை மேலே ஏத்தற கயிறு ஆஞ்சான். இது நீளவே கூடாது. நீண்டா பருமலோட சேர்ந்து பாயும் தொங்கிப்போயிடும், காத்து வீணாகும். நீளற நாரை வெச்சு இதைச் சமாளிக்க ஒரே வழி, கயிறைத் தடிமனாத் திரிச்சு, கப்பியில பல சுத்து விடறது. பாரம் பிரிஞ்சா நீட்சியும் குறையும்.

பாயோட கீழ் மூலையைப் பிடிச்சு, காத்துக்கு ஏத்தபடி இழுத்தும் விட்டும் ஓட்டற கயிறு தாமான். நாள் முழுக்கக் கையில இருக்கறது. சொரசொரன்னு இருந்தா உள்ளங்கை போச்சு. திடீர்க் காத்து அடிச்சா ஒரு நொடியில விடணும், சிக்கினா படகு கவிழும். கைக்கு இதமா பருத்தி இருக்கு, ஆனா அது ஈரத்துல மக்கிடும்.

நங்கூரத்துக்கும் கப்பல் கட்டறதுக்கும் உள்ள பெரிய வடம் ஆலாத்து. இங்கே நீட்சிதான் வேணும். அலை தூக்கிப் போடும்போது விறைப்பான கயிறு படீர்னு அறும். தென்னைநார் வடம் ஸ்ப்ரிங் மாதிரி நீண்டு திரும்பும். மோசமான துறைமுகங்கள்ல வெள்ளைக்காரன் கப்பல்கூட இதுக்காகவே தென்னைநார் வடம் வெச்சிருந்தது.

அதாவது, பேரைச் சொன்னாலே கயிறுக்கு என்ன குணம் வேணும்னு தெரிஞ்சுடும்.

இதே கரையில இன்னொரு கயிறும் உண்டு, முத்துக் குளிக்கிறவங்களோடது. கல்லைக் கட்டின கயிறைப் பிடிச்சு அடிக்குப் போவாங்க. சிப்பி சேர்த்துட்டு ஒரு இழு இழுத்தா, மேலே இருக்கிறவர் தூக்கணும். அந்தக் கயிறை மச்சினன் கையிலதான் கொடுப்பாங்க, தங்கச்சி தாலியை நினைச்சாவது விடமாட்டான்னு இந்தக் கரையில வழிவழியா ஒரு பேச்சு. எவ்வளவு உண்மையோ, கயிறுங்கிறது உயிர்னு அந்தப் பேச்சுக்குத் தெரியும். தூத்துக்குடியில கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961ல்.

நைலான் பிறந்தது 1935. பாலியெஸ்டர் இழையான டெரிலின் 1941. பாலிப்ரொப்பிலீன் 1954. மூணும் மூணு குணம். நைலான் நல்லா நீளும், அதனால ஆலாத்துக்கு வாரிசு. பாலியெஸ்டர் அவ்வளவா நீளாது, ஈரத்துல பலம் குறையாது. ஆஞ்சானுக்கும் தாமானுக்கும் அதுதான் சரி. தாமானுக்கு மட்டும் மேலுறை மெத்துனு பின்னினதா பார்த்துக்கணும். பாலிப்ரொப்பிலீன் மலிவு, மிதக்கும். தண்ணியில விழுந்தவங்களுக்கு வீசற கயிறுக்கு ஏத்தது. ஆனா வெயில்ல இத்துப்போகும். சாயம் பளிச்சுனு இருக்கும், உள்ளே பலம் போயிருக்கும்.

ஆனா கடையில போய்க் கேளுங்க. எல்லாத்துக்கும் 'நைலான் கயிறு'ன்னு ஒரே பேர். எதிரெதிர்க் குணம் உள்ள மூணுக்கு ஒரே வேரியபிள் பேர் வெச்சா ப்ரோக்ராம் என்ன ஆகும்னு நம்ம ஜாதிக்குச் சொல்லவே வேணாம். கடல்ல அது படகுக்கு ஆகும். தூத்துக்குடித் தோணியில இன்ஜின் ஏறினப்போ பாய் இறங்கிச்சு. பாயோட சேர்ந்து இந்தப் பேர்களும் இறங்கிப்போச்சு. (அந்தத் தோணி உலகத்தைப் படிக்கணும்னா ஜோ டி குரூஸோட 'கொற்கை' இருக்கு, 2009ல் வந்தது.)

நண்பருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். துண்டு வாங்கித் தண்ணியில போடுங்க. மிதந்தா பாலிப்ரொப்பிலீன் மாதிரி வகை, பாய்க்கு வேணாம். மூழ்கினா, ரெண்டு மீட்டர் நீளம் எடுத்து ஒரு முனையைக் கட்டி, இன்னொரு முனையில உங்க எடையைப் போட்டு இழுங்க. நல்லா நீண்டா நைலான், நங்கூரத்துக்கு வெச்சுக்கோங்க. விறைப்பா நின்னா பாலியெஸ்டர், பாய்க்கு அதுதான்.

மக்களே, இந்த மூணு பேரும் நான் அகராதியில பார்த்தது. குளச்சல், கீழக்கரை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் பக்கம் இருக்கிறவங்க யாராவது பெரியவங்ககிட்ட கேட்டு, உங்க கரையில இந்தக் கயிறுகளுக்கு என்ன பேர்னு சொல்லுங்களேன். பாயோட ஓடின தலைமுறை இருக்கும்போதே எழுதி வெச்சுடலாம்.